நைனாவின் சளி

எங்க நைனா 2006ல செத்தார். காசநோய். ஆனா உறவுல, தெருவுல, ஏன் எங்க வீட்டுக்குள்ளேயே சொல்லப்பட்ட காரணம் வேற: 'மாத்திரைய ஒழுங்கா முழுங்கல.' இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் நான் எழுத வந்திருக்கிறேன். தான் பார்க்காத ஒன்றைப் பார்த்ததுபோல இன்னொரு மனுசன் மேல் எழுத ஒருவருக்கு என்ன உரிமை என்பதே என் கேள்வி.

திருவண்ணாமலையில் தீபம் முடிந்த மறுநாள் விடிவதற்குள் மாட வீதிகளைக் கூட்டி அள்ளுகிற ஆட்களில் நைனாவும் ஒருத்தர். லட்சக்கணக்கான பேர் புண்ணியத்தை எடுத்துக்கொண்டு குப்பையை விட்டுப் போவார்கள். 2004ல் இருமல் வந்தது. சளியை டப்பாவில் வாங்கி நுண்ணோக்கியில் பார்த்தார்கள், கிருமி தெரிந்தது. ஆறு மாதக் கோர்ஸ். அப்போதைய முறைப்படி வாரத்துக்கு மூன்று நாள், எங்க சேரி அங்கன்வாடி அக்கா எதிரில் நின்று முழுங்க வேண்டும். முழுங்கினதும் அந்தக்கா அட்டையில் குறி போடுவார்.

அஞ்சாவது மாசம் சளியைப் பார்த்தால் கிருமி அப்படியே இருந்தது. டாக்டர் கேட்டார்: "ஏன்யா, குடிச்சிட்டு மாத்திரைய தூக்கிப் போட்டுட்டியா?" நைனா குடிப்பார், அதை நான் மறைக்கவில்லை. ஆனா அட்டையில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. அந்த அட்டை அதே மேசை மேல்தான் கிடந்தது. யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. நைனாவும் வாய் திறக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "இனிமே ஒழுங்கா சாப்பிடறேன் சாமி" என்றார். செய்யாத தப்பை ஒத்துக்கொள்வது எங்களுக்குத் தலைமுறைப் பழக்கம்.

அப்புறம் இரண்டாம் வகைச் சிகிச்சை என்று எட்டு மாதம். பழைய மருந்துகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, 24 ஊசி. காது அடைத்துப் போனது, இருமல் நிற்கவில்லை. தோற்றுப்போன மருந்துகளோடு புதுசாக ஒரே ஒரு மருந்தை மட்டும் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் அதுவும் தோற்கும் என்பது காசநோய் மருத்துவத்தில் வெகுகாலமாகத் தெரிந்த பாடம். ஆனால் ஏழை நாடுகளில் லட்சக்கணக்கான பேருக்கு அதைத்தான் செய்தார்கள். உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைக் கைவிடச் சொன்னது 2017ல்தான்.

நுண்ணோக்கி கிருமி இருக்கிறது என்று சொல்லும். அந்தக் கிருமி ஐசோனியாசிடுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் அடங்குமா, அடங்காதா என்பதைச் சொல்லாது. அதற்குக் கிருமியை வளர்த்து, மருந்தோடு மோத விட்டுப் பார்க்க வேண்டும். முட்டை கலந்த திட ஊடகத்தில் வளரவே எட்டு வாரம் வரை ஆகும். அந்தச் சோதனை நைனாவுக்குச் செய்யப்படவில்லை. ஆகவே அவருக்கு வந்தது மருந்துக்கு அடங்காத காசநோயா என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. தெரியாதது குற்றமில்லை. 'எனக்குத் தெரியலய்யா' என்று அவர் சொல்லியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்தத் தெரியாமையை எடுத்து எங்க நைனாவின் ஒழுக்கக்கேடாக மாற்றி எழுதினார்களே, அதுதான் குற்றம்.

எங்க ஊர் தலபுராணம் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஜோதியின் முடியைப் பார்க்காத பிரம்மா பார்த்ததாகச் சொன்னார். தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்னது. எனக்கு இந்தப் புராணத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்பதை இந்த ஊர் தன் மலையடிவாரத்திலேயே வைத்துக் கும்பிடுகிறது. 'ஒழுங்கா சாப்பிடாதவன்' என்ற சொல் எங்க நைனாவுக்கு எதிராக வந்த தாழம்பூ. சேரிக்காரன், குடிகாரன், படிக்காதவன் என்று ஏற்கனவே தயாராக இருந்த சாட்சிகளோடு அதுவும் சேர்ந்துகொண்டது. பரிசோதனைக்கூடம் இல்லாத இடத்தில் சாதிதான் பரிசோதனை செய்கிறது. முடிவும் உடனே வந்துவிடுகிறது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. சென்னை சேத்துப்பட்டில் 1956லேயே காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. சானடோரியத்தில் படுக்க வைக்க வேண்டாம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று 1959ல் உலகத்துக்கு நிரூபித்தது அந்த மையம்தான். நிரூபித்தது யாருடைய உடம்பில்? சென்னை நகரத்து ஏழைகளின் உடம்பில். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்ற சோதனையை அந்தக் காலத்திலிருந்தே அங்கே செய்துவந்தார்கள். இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். மற்ற நாட்டு ஆய்வகங்களின் தரத்தையே சரிபார்க்கிற உலக அளவிலான ஆய்வகங்களில் ஒன்று. எங்க ஊரிலிருந்து பஸ்ஸில் நாலஞ்சு மணி நேரம். ஏழைகளின் சளியிலிருந்து அறிவு உலகத்துக்குப் போய்விட்டது. அரை நூற்றாண்டு கழித்தும் அது எங்க தெருவுக்குத் திரும்பி வரவில்லை.

இதற்கு வழக்கமான பதில், செலவு. ஒருவனுக்குச் செய்கிற செலவில் பத்துப் பேரைக் காப்பாற்றலாமே என்பார்கள். 1990களில் உலக நிபுணர்கள் பலரும் இதைத்தான் சொன்னார்கள். கேட்க நியாயம்போலத் தெரியும். ஆனால் அதே ஆண்டுகளில் நியூயார்க்கில் இந்த நோய் பரவியபோது யாரும் இந்தக் கணக்கைப் போடவில்லை; பணத்தைக் கொட்டிச் சோதித்தார்கள், குணப்படுத்தினார்கள். பெரு நாட்டின் லிமா நகரச் சேரியான கராபாயோவில் பால் ஃபார்மர், ஜிம் யாங் கிம் என்ற மருத்துவர்கள் நோயாளிகளின் சளியை அமெரிக்காவின் பாஸ்டனுக்குக் கொண்டுபோய்ச் சோதித்து, அடங்காத நோயையும் சேரியிலேயே குணப்படுத்த முடியும் என்று காட்டினார்கள். ஆக, முடியாதது என்று ஒன்று இல்லை. யாருக்காக முடியும் என்பதுதான் கேள்வி. அதோடு, அடையாளம் காணப்படாத ஒருவர் தன் கிருமியை அந்தப் பத்துப் பேருக்கும் கொடுத்துக்கொண்டுதான் இருப்பார். சிக்கனக் கணக்கு அங்கேயே பொய்த்துவிடுகிறது.

2022ல் என் தங்கச்சிக்கு இருமல் வந்தது. இந்த முறை சளி ஜீன்எக்ஸ்பர்ட் கருவிக்குள் போனது. 2010ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட கருவி. ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்று இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடும். அடங்காது என்று வந்தது. மேல்சோதனைக்குச் சளியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஊசி கிடையாது, பெடாகுலின் சேர்ந்த மாத்திரைகள். இன்று நன்றாக இருக்கிறாள். அவளுக்கு முன்பு காசநோய் வந்ததே இல்லை. ஒரு மாத்திரைகூட முழுங்கினதில்லை. அப்படியானால் எந்த மாத்திரையை அவள் ஒழுங்காகச் சாப்பிடாமல் விட்டாள்? காற்றில் வந்த கிருமி வரும்போதே அடங்காததாக வந்திருக்கிறது. 2014 - 16ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பும் இதையே சொல்கிறது. இரண்டு முக்கிய மருந்துகளுக்கும் அடங்காத கிருமி, ஏற்கனவே சிகிச்சை எடுத்தவர்களில் 11.62 சதம் பேரிடமும், மருந்தே தொடாத புது நோயாளிகளில் 2.84 சதம் பேரிடமும் இருந்தது.

தங்கச்சியின் முடிவுத் தாளை வாங்கிய அன்று எனக்கு அழுகை வந்தது. நோய் வந்ததற்காக இல்லை. அந்தத் தாளை மேசை மேல் வைத்தபோது அவளை யாரும் திட்டவில்லை. 'ஏம்மா, ஒழுங்கா சாப்பிட்டியா?' என்று யாராலும் கேட்க முடியவில்லை. அவள் சார்பில் அவளுடைய சளியே சாட்சி சொல்லிவிட்டது.

கருவி வந்துவிட்டது, இனி என்ன என்று கேட்கலாம். கருவிக்குள் போடும் கார்ட்ரிட்ஜ் வந்துகொண்டே இருக்க வேண்டும். கரண்ட் வேண்டும். சளி கெடாமல் போய்ச் சேர ஆள் வேண்டும், வண்டி வேண்டும். கிருமியை வளர்க்கும் கூடத்தில் காற்று வெளியே கசியாத அறை வேண்டும். அங்கே மூச்சைப் பணயம் வைக்கும் டெக்னீஷியனுக்கு நிரந்தர வேலை வேண்டும். ரிஃபாம்பிசினோடு நின்றுவிடாமல் பெடாகுலின் வரை சோதிக்க வேண்டும். இல்லையென்றால் நாளைக்குப் புது மருந்து தோற்கும்போது பழையபடி எங்கள் மேல்தான் எழுதுவார்கள். 2023ல் உலகம் முழுக்க இந்த நோய் சுமார் 4 லட்சம் பேருக்கு வந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். கண்டறிந்து சிகிச்சை தொடங்கியது அதில் 44 சதம் பேருக்குத்தான். மீதிப் பேர் என்ன பெயரோடு செத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பேஷ்வாக்கள் ஆண்ட பூனாவில் எங்கள் எச்சில் மண்ணில் விழக்கூடாது என்று கழுத்தில் சட்டி கட்டித் தொங்கவிட்டார்கள். 1936ல் அம்பேத்கர் அதை எழுதி வைத்தார். இன்று அதே ஆளிடம் சளி டப்பாவை நீட்டுகிறார்கள். நீட்டுகிறவர்களிடம் நான் கேட்பது கருணை இல்லை. வாங்கின சளியை முழுசாகப் படியுங்கள். படிக்க முடியாவிட்டால், முடியவில்லை என்று எழுதுங்கள்.

நைனாவின் அட்டை இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எல்லாக் கட்டத்திலும் குறி இருக்கிறது.