தானம் எங்கே முடிகிறது?



2024 ஜூலை 30ஆம் நாள் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்கள் நிலச்சரிவில் புதையுண்டன. அதற்கென மைசூரில் நம் உபோசதக் கூட்டத்தில் உண்டியல் வைத்தபோது ஓர் உபாசகர் கையை மூடிக்கொண்டார். “ஐயா, 2004இல் என் கூலிப் பணத்தைக் கொடுத்தேன். நாகப்பட்டினத்தில் நம் ஜனங்களுக்கு அது போய்ச் சேர்ந்ததா?” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதே. 2004 டிசம்பர் 26, பௌர்ணமி நாள். அன்று எழுந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் சுமார் ஆறாயிரம் பேரை விழுங்கிற்று. பாதிக்கப்பட்ட நாடுகள் அனைத்திற்குமாக உலகம் திரட்டிய உதவி சுமார் 1,350 கோடி டாலர். பணத்திற்குக் குறைவில்லை. ஆயினும் நாகைக் கரையோரத்தில் தாழ்த்தப்பட்டோர் முகாம்களில் ஒதுக்கப்பட்டனர் என்றும், பொதுத் தொட்டியில் தண்ணீர் மொள்ளவும் தடுக்கப்பட்டனர் என்றும் மனித உரிமை அமைப்புகள் எழுதி வைத்துள்ளன. படகும் வலையும் இழந்தவர் பெயர் பட்டியலில் முதலில் ஏறிற்று. உப்புநீர் பாய்ந்த வயலில் கூலி இழந்தவர் பெயர் பின்தங்கிற்று. ஆகவே, தானத்தை வழிமறிப்பது களவு மட்டுமன்று, சாதியும் வழிமறிக்கிறது.

ஆயின், “ஆதலால் இனிக் கொடேன்” என்னும் முடிவு நியாயமன்று. நாம் கையை மூடினால் முதலில் பட்டினி கிடப்பவன் வரிசையின் கடைசியில் நிற்பவனே அன்றோ?

அதே சோழநாட்டுக் கடற்கரையில்தான் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதாக மணிமேகலைக் காவியம் கூறும். மணிமேகலையார் ஏந்திய அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. ஆயினும் பாத்திரம் தானாக நடந்து செல்லவில்லை. ஊனமுற்றோரும் ஆதரவற்றோரும் கிடந்த உலகவறவிக்கு அவரே ஏந்திச் சென்றார், சிறைக்கோட்டத்துள்ளும் புகுந்தார். பசித்தவன் இருக்குமிடம் தேடிச் செல்வது தானத்தின் பாதியாகும்.

நல்லோர் தானத்திற்குப் பகவான் ஐந்து இலக்கணம் வகுத்ததாக அங்குத்தர நிகாயம் உரைக்கும்: சிரத்தையோடு கொடுத்தல், மரியாதையோடு கொடுத்தல், காலமறிந்து கொடுத்தல், உலோபமின்றிக் கொடுத்தல், தனக்கும் பிறர்க்கும் தீங்கின்றிக் கொடுத்தல். இவற்றுள் இரண்டாவதும் ஐந்தாவதும் நமக்கு உரைகல். பெறுபவனைத் தனியே நிறுத்தி அவமதித்துக் கொடுத்த சோறு வயிற்றை எட்டினும் தானமாகாது.

ஆகவே, கொடுங்கள், கொடுத்தபின் கேளுங்கள். பட்டியலை எழுதுபவர் யார்? அதில் விடுபட்டவர் யார்? கடைசி வீட்டிற்கு எப்பொழுது சேர்ந்தது? இவ்வாறு கேட்பது சந்தேகக் குணமன்று. தானத்தைக் காக்கும் விழிப்பு. கணக்கு வாசிக்காத உண்டியலை நம் சங்கத்தில் வைக்கலாகாது.

நிற்க. அன்று கையை மூடிய உபாசகரையே பொருளோடு செல்லுமாறு அனுப்பினோம். அடுத்த பௌர்ணமியன்று அவரே எழுந்து கணக்கு வாசித்தார். வாசித்து முடித்தபின், எவரும் கேளாமலே, தம் பங்கை உண்டியலில் இட்டார்.

சகல ஜீவர்களும் சுகமாய் வாழ்க!