காணாமையும் இல்லாமையும்

தரையில் குடம் இல்லை என்பதை ஒருவன் எவ்வாறு அறிகிறான்? குடத்தைக் காணாமையால் அறிகிறான். காணாமையைக் கொண்டு இல்லாமையை அறியும் இவ்வழியை ‘அனுபலப்தி’ என்னும் தனிப் பிரமாணமாகவே குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்களும் அத்வைத வேதாந்திகளும் ஏற்றனர். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தனர்: அப்பொருள் அங்கே இருந்திருந்தால் கண்ணுக்குப் புலப்பட்டிருக்க வேண்டும். இருட்டறையில் நின்றுகொண்டு ‘குடம் இல்லை’ என்று கூற எவருக்கும் உரிமையில்லை.

வெறும் ஏட்டுத் தர்க்கமாகத் தோன்றும் இந்த நிபந்தனை, அணு ஆயுத ஆலைகளில் உயிர் பற்றிய கேள்வியாயிற்று.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ராக்கி ஃபிளாட்ஸ் ஆலை 1952 முதல் 1989 வரை அணுகுண்டுகளுக்கான புளூட்டோனிய உட்கருக்களைச் செய்தது. தொழிலாளர் கதிர்வீச்சைப் பதியும் ‘பேட்ஜ்’ அணிந்தனர். வெளியிலிருந்து உடலை ஊடுருவும் காமா போன்ற கதிர்களை அது பதியும். புளூட்டோனியம் வெளியிடுவதோ பெரும்பாலும் ஆல்ஃபாக் கதிர். ஒரு தாளே அதைத் தடுத்துவிடும். தோலைக்கூட அது கடவாது. ஆனால் புளூட்டோனியத் துகள் மூச்சோடு நுரையீரலுள் புகுந்தால் அங்கேயே தங்கி, உள்ளிருந்தே கதிர்வீசும். எலும்பிலும் கல்லீரலிலும் சேரும். மார்பின்மேல் குத்திய பேட்ஜ் இதனை அறியாது. சிறுநீர்ப் பரிசோதனையும் நுரையீரல் அளவீடும் வேண்டும். அவை செய்யப்படாதவனின் ஏட்டில் உள்ள பூஜ்யம் எதைச் சொல்கிறது? ‘இல்லை’ என்றா, ‘பார்க்கவில்லை’ என்றா? இரண்டுக்கும் எழுத்து ஒன்றே.

கென்டக்கி மாநிலத்துப் படூக்காவில் நிலைமை இன்னும் துயரமானது. அங்கிருந்த யுரேனியச் செறிவூட்டு ஆலைக்கு, அணு உலைகளில் பயன்பட்டு மீட்கப்பட்ட யுரேனியமும் வந்தது. அதில் புளூட்டோனியமும் நெப்டியூனியமும் சிறிதளவு கலந்திருந்தன. தொழிலாளருக்கு இது சொல்லப்படவில்லை. 1999-இல் செய்தி வெளியானபின், எரிசக்தித் துறை அமைச்சர் பில் ரிச்சர்ட்சன் அவ்வூருக்கே சென்று மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. பொதுவாக, பழைய பதிவுகளிலிருந்து கதிர்வீச்சின் அளவைக் கணித்து, அதுவே நோய்க்குக் காரணமாயிருக்கப் பாதி வாய்ப்பேனும் இருந்தால் 1,50,000 டாலர் தரப்படும். ஆனால் படூக்கா உள்ளிட்ட சில ஆலைகளின் தொழிலாளருக்குச் சட்டம் தனி வகுப்பு ஒன்றை அமைத்தது. குறித்த காலம் பணியாற்றி, பட்டியலிட்ட புற்றுநோய் ஒன்றுக்கு ஆளானவர் கதிர்வீச்சின் அளவை நிறுவ வேண்டியதில்லை.

அளவு தெரியாமலே கொடுப்பது நியாயமா எனச் சிலர் ஐயுறலாம். மிகக் குறைந்த கதிர்வீச்சுக்கு உட்பட்டவரும் பெற்றுவிடக்கூடும் என்பது உண்மைதான். ஆயினும் இந்த இருள் தானாக வந்ததன்று. விளக்கேற்றும் கடமை ஆலையை நடத்தியோருடையது. ஏற்றாதவரே அந்த இருளைத் தமக்குச் சாட்சியாக அழைப்பதை எந்தத் தர்மமும் ஒப்பாது. நோயுற்றவனிடம் ‘நீ நிரூபி’ என்பது அதைத்தான் செய்கிறது.

ராக்கி ஃபிளாட்ஸ் தொழிலாளரின் சங்கமும் தங்களை அந்த வகுப்பில் சேர்க்குமாறு 2005-இல் விண்ணப்பித்தது. அவ்வாண்டே ஆலைக் கட்டடங்களை இடித்து அகற்றும் பணி முடிந்தது. 1983 வரை பணியாற்றியோர் அனைவருக்கும் அந்த உரிமை கிடைக்க 2014 ஆயிற்று.