உழைப்பில் நமக்கு மிஞ்சுவது எது?



"சுவாமி, தினமும் அதே வேலை. இதில் என்ன மனத்திருப்தி இருக்கிறது?" என்று உழைப்பாளிகள் பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

கிரியைகள் இருவகைப்படும் என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் போதிக்கிறார். ஒன்று, செய்பவனை விட்டு நீங்கி வெளிப்பொருளில் போய் முடிவது. வெட்டுவதும் சூடாக்குவதும் இவ்வகை. மற்றது, செய்பவனிலேயே தங்குவது. அறிவதும் விரும்புவதும் இவ்வகை. நம் அன்றாட உழைப்பில் இவ்விரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

திருவொற்றியூரைப் பாருங்கள். 1955-ம் ஆண்டு தோன்றிய என்பீல்டு இந்தியா கம்பெனியின் தொழிற்சாலை அங்கே எழுந்தது. அந்த மோட்டார் சைக்கிள்களின் பெட்ரோல் டாங்கியில் ஓடும் பொன்னிறக் கோட்டைத் தூரிகை பிடித்த கையே இழுத்துப் பேர் பெற்றது. கை நடுங்கினால் கோடு கோணிப்போகும். வண்டி எந்த மலைநாட்டுக்கோ போய்விடும்; அதில் ஏறுகிறவன் கோடு வரைந்தவனை அறியான். ஆனால் வரைந்தவன் அடைந்த நிதானமும் பொறுமையும் அவனை விட்டுப் போவதில்லை.

காசிமேட்டிலும் அப்படியே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகலாகாது. அப்போது வலையைப் பழுது பார்ப்பவன் ஒரு முடிச்சை அரைகுறையாக விட்டாலும் கரையில் எவரும் காணார். காணாவிடினும் அதைச் சரியாய் முடிக்கிறவன் நேர்மையுள்ளவனாகிறான். செபதேயுவின் மக்களை நமது ஆண்டவர் அழைத்த வேளையில் அவர்கள் செய்துகொண்டிருந்ததும் இந்த வேலைதான்.

"துறைமுக வாசலில் மணிக்கணக்காய் வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரி ஓட்டுநருக்கு இதில் என்ன இன்பம்?" என்பீர்கள். இன்பம் குறைவே, மறுக்கவில்லை. எனினும் குடியாமல், வரிசை மீறாமல், வீட்டிலுள்ள பிள்ளைகளை நினைத்துக் காத்திருக்கிறவன் வீணாய் நிற்கவில்லை. உழைப்பின் மேன்மை, வேலை எத்தகையது என்பதில் அல்ல, அதைச் செய்பவன் மனுஷன் என்பதிலேயே இருக்கிறது என்று 2-ம் அருளப்பர் சின்னப்பர் பாப்பானவர் 1981-ல் எழுதிய நிருபத்தில் கற்பித்தார்.

ஆனால் ஒன்று. இதைச் சாக்காக வைத்து, "திருப்தியாயிரு, கூலி கேளாதே" என்று சொல்ல எந்த முதலாளிக்கும் உரிமையில்லை. வறுமைக்கு அஞ்சித் தொழிலாளி குறைந்த கூலிக்கு இசைந்தாலும் அது அநீதியே என்று 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1891-லேயே கண்டித்தார். 1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்ததை வேலையில் வெறுப்பென்று எண்ணலாகாது. வேலையை நேசிப்பவனும் நீதி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

என்பீல்டு கம்பெனி தோன்றிய அதே 1955-ல்தான் 12-ம் பத்திநாதர் பாப்பானவர் மே முதல் தேதியை உழைப்பாளியான அர்ச். சூசையப்பர் திருநாளாக ஏற்படுத்தினார். அவர் செய்த ஏரோ நுகமோ இன்று நம்மிடம் இல்லை. அவர் சொன்ன ஒரு வார்த்தையைக்கூடச் சுவிசேஷம் எழுதிவைக்கவில்லை. அவரை நீதிமான் என்று மட்டும் சொல்லுகிறது.

ஆகையால் நாளைக் காலை வேலையைத் தொடங்குமுன் சிலுவை அடையாளம் வரைந்துகொள்ளுங்கள். எந்த மேஸ்திரியும் சோதித்துப் பாராத ஒரு சிறு பாகத்தை அன்று பழுதறச் செய்யுங்கள். அதைச் சர்வேசுரன் காண்கிறார். அர்ச். சூசையப்பரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

பங்குக் குரு