தேதி இல்லாத 'அப்புறம்'

வேலும் மயிலும் துணை.

இந்தத் தடவை கோயில் பத்தி எழுதலை. ஒரு நடை பத்தி எழுதறேன். ஆனா முடியறப்போ பழனி அடிவாரத்துலதான் வந்து நிப்போம். அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

நான் இப்போ வேலை பாக்கிறது அயர்லாந்துல, டப்ளின்ல. நகரத்துல இருந்து அரை மணி நேரம் டார்ட் ரயில்ல போனா ஹோத்னு ஒரு ஊர் வரும். ரயில் பாதை அங்கேயே முடிஞ்சிடும். கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கிற ஒரு மலைமுனை அது. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி தனித் தீவா இருந்ததாம். அலை கொண்டுவந்து சேர்த்த மணல் கொஞ்சம் கொஞ்சமா அதை நிலத்தோட ஒட்டிவெச்சிருக்கு.

அந்த முனையைச் சுத்தி நடக்க நாலு பாதைகள் குறிச்சு வெச்சிருக்காங்க. அதுல சின்னது பச்சை அம்புக்குறி போட்ட பாதை. ஆறு கிலோமீட்டர், ரெண்டு மணி நேரம். ஸ்டேஷன்ல ஆரம்பிச்சு, மீன்பிடிப் படகுகள் நிக்கிற துறைமுகத்தைத் தாண்டி, பாறை விளிம்புல ஏறி, மேல உச்சிப் பக்கம் போய், திரும்பவும் அதே ஸ்டேஷனுக்கு இறங்கி வரணும்.

போன ஏப்ரல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீம்ல வேலை பாக்கிற ஒரு ஐரிஷ்காரரோட போயிருந்தேன். ஐம்பது வயசுக்கு மேல இருக்கும் அவருக்கு. பாதை நெடுக முள்ளுப் புதர்ல மஞ்சள் பூ. கிட்டப் போய் மோந்து பாத்தா தேங்காய் வாசம் அடிக்குது! கீழே பாறை இடுக்குல ஆயிரக்கணக்குல கடல் பறவைங்க கத்திக்கிட்டு இருந்தது. பல இடத்துல ஒரு ஆள் நடக்கற அகலம்தான் பாதை.

கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் கவனிச்சேன். கடல் எனக்கு இடப்பக்கம், மலை வலப்பக்கம். அம்புக்குறி போட்டவங்க அப்படி நினைச்சுப் போட்டிருக்க மாட்டாங்க. ஆனா நம்ம கணக்குப்படி அது வலம். கை தானா நெஞ்சுக்குப் போச்சு, "முருகா"ன்னு வாய் சொல்லிச்சு.

அப்புறம்தான் மனசு கனத்துச்சு. காரணம் சொல்றேன்.

காலேஜ் கடைசி வருஷம் கேம்பஸ் இன்டர்வியூல வரிசையா அவுட் ஆகிட்டு இருந்தேன். அப்போ எங்க அப்பா பழனி முருகனுக்கு ஒரு வேண்டுதல் வெச்சார். பையனுக்கு வேலை கிடைச்சா அவனையும் கூட்டிக்கிட்டு அடிவாரத்துல இருந்து படியேறி வந்து கும்பிடறேன்னு. வேலை கிடைச்சு ஆறு வருஷம் ஆச்சு. மதுரையில இருந்து பழனி என்ன, மூணு மணி நேர பஸ். முதல் வருஷம் புராஜெக்ட் கோ-லைவ். அடுத்தது கம்பெனி மாத்தினேன். அதுக்கப்புறம் இந்த வெளிநாட்டு வாய்ப்பு. அப்பா ஒவ்வொரு தடவையும் கேப்பார், "தம்பி, பழனிக்கு எப்பப்பா போலாம்?" நான் ஒவ்வொரு தடவையும் சொல்வேன், "அப்புறம் போலாம்பா."

ஒரு தடவை இன்னும் ஒரு படி மேல போய், "முருகன் கூப்பிட்டாத்தானப்பா போக முடியும்"னு சொன்னேன். அப்பா பதில் பேசலை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் அம்மா போன் பண்ணினாங்க. அப்பாவுக்கு முட்டி தேய்ஞ்சு போச்சாம். இனிமே படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம்.

இதை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் அந்த மலையைச் சுத்திக்கிட்டு இருந்தேன். பாதை மேல திரும்பற இடத்துல இருந்து பாத்தா, முனையோட தென்கிழக்கு மூக்குல வெள்ளையா ஒரு கலங்கரை விளக்கம் தெரியும். பெய்லி விளக்கம்னு பேரு. இப்ப நிக்கிற கோபுரம் 1814-ல கட்டினது. அதைப் பாத்துக்கிட்டே கூட வந்தவர் ஒரு கதை சொன்னார். ராத்திரி வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படிச்சேன்.

பனிமூட்டத்துல விளக்கு வெளிச்சம் தெரியாது. அப்போ கப்பலுக்குச் சத்தம்தான் வழி. அதனால அங்க ஒரு பனிமணி வைக்கணும்னு 1846-லேயே திட்டம் போட்டிருக்காங்க. வேற கட்டுமானச் செலவுகள் முன்னாடி நின்னதால அது தள்ளிப் போச்சு. 1853 பிப்ரவரியில, லிவர்பூல்ல இருந்து டப்ளினுக்கு வந்த 'குயின் விக்டோரியா'ங்கிற நீராவிக் கப்பல், பனி கொட்டற ராத்திரியில ஹோத் பாறையில மோதி மூழ்கிச்சு. எண்பது பேர் அளவுக்கு செத்துப் போனாங்க. அதே ஏப்ரல்ல மணி வந்துடுச்சு.

ஏழு வருஷம் வராத மணி, ரெண்டே மாசத்துல வந்துச்சு.

ஸ்பிரின்ட், பேக்லாக்னு வாழற நம்ம ஆளுங்களுக்கு இது உடனே உறைக்கும். அந்த மணி ஒரு டிக்கெட். யாரும் அதை ரிஜெக்ட் பண்ணலை. அடுத்த ஸ்பிரின்ட், அடுத்த ஸ்பிரின்ட்னு தள்ளிக்கிட்டே போயிருக்காங்க.

இங்கதான் எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு. 'முடியாது'ன்னு சொல்றதும் 'அப்புறம்'னு சொல்றதும் ஒண்ணா? தள்ளிப்போடறது தப்பா?

அவசரப்பட்டு தப்புன்னு சொல்லிட முடியாது. கையில இருக்கிற பணமும் நேரமும் அளவுதான். ஒண்ணைச் செஞ்சா இன்னொண்ணு காத்திருக்கத்தான் வேணும். அந்தப் பணம் போன மத்த வேலைகளும் தேவையான வேலைகளாவே இருந்திருக்கலாம். மணி இருந்திருந்தாலும் கப்பல் தப்பிச்சிருக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. எதிரே ஒண்ணும் தெரியாதப்பவும் வேகத்தைக் குறைக்கலைன்னு விசாரணையில கேப்டன் மேலயும் குத்தம் வந்துச்சு. முதல் வேலையில இருந்த ஒரு பையன் புராஜெக்டை விட்டுட்டு வர முடியலைங்கறதும் பொய் இல்லை.

அப்போ தப்பு எங்க இருக்கு?

நான் யோசிச்ச வரைக்கும் இதுதான். 'முடியாது'ன்னு சொன்னா எதிர்ல இருக்கிறவங்களுக்கு வலிக்கும், ஆனா அவங்க கை அவிழ்ந்துடும். வேற வழி தேடுவாங்க, இல்லைன்னா சண்டையாவது போடுவாங்க. மணி வேண்டாம்னு 1846-ல யாராவது தெளிவா எழுதியிருந்தா, அதைக் கேள்வி கேட்க ஒரு ஆள் கிளம்பியிருக்கலாம். 'திட்டத்துல இருக்கு'ன்னு இருந்தா யார் கேப்பாங்க? எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்துடுது. வேலை நடக்காமலே நடந்த மாதிரி ஒரு நிம்மதி.

எங்க அப்பா விஷயத்துக்கு வாங்க. "என்னால வர முடியாதுப்பா"ன்னு நாலு வருஷம் முன்னாடி நான் சொல்லியிருந்தா அவர் வருத்தப்பட்டிருப்பார். ஆனா முருகன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு சித்தப்பாவைக் கூட்டிக்கிட்டுப் படி ஏறியிருப்பார். அப்போ முட்டி நல்லா இருந்துச்சு. நான் 'அப்புறம்'னு சொன்னதாலதான் அவர் காத்திருந்தார். என் வார்த்தையை நம்பினதுதான் அவர் செஞ்ச ஒரே தப்பு. நல்ல பிள்ளைங்கற பேரு எனக்குக் கிடைச்சுது. வருஷம் போனது அவருக்கு.

அதோட அந்த 'முருகன் கூப்பிடணும்'. அது பொய்யான வார்த்தைன்னு நான் சொல்லலை. டிக்கெட் எடுத்துட்டுப் போக முடியாம நின்னவங்க, எதிர்பாராம திடீர்னு தரிசனம் கிடைச்சவங்க சொல்றப்போ அதுல ஒரு உண்மை இருக்கு. ஆனா நான் சொன்னது லீவ் அப்ளிகேஷனே போடாம. என் சோம்பேறித்தனத்தைத் தூக்கி அவன் தலையில வெச்சேன். அவன் கூப்பிடலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? வருஷா வருஷம் அப்பா வாயால கேட்டது யாரு?

பாதை முடிஞ்சு ஸ்டேஷனுக்கு வந்து நின்னோம். ஆறு கிலோமீட்டர் நடந்தும் கிளம்பின இடத்துலதான் நிக்கிறோம். நேரா போற பாதைன்னா விட்டுட்டு வந்தது பின்னாடியே போயிடும். வட்டப் பாதையில அப்படி முடியாது. எதை விட்டுட்டுக் கிளம்பினோமோ அது முன்னாடி வந்து நிக்கும். பிராகாரம் சுத்திட்டுக் கொடிமரத்துக்கிட்ட வந்து விழுந்து கும்பிடறப்போ, வந்த கவலை அப்படியேதான் இருக்கும். அதைப் பாக்கிற நாமதான் கொஞ்சம் அடங்கி வந்திருப்போம்.

ரயிலுக்குக் காத்திருந்த நேரத்துல அப்பாவுக்கு போன் போட்டேன்.

"அப்பா, வைகாசி விசாகத்துக்கு என்னால வர முடியாது. ஆடிக் கிருத்திகைக்கு வரேன். இன்னைக்கே டிக்கெட் போடறேன்."

"வாப்பா. ஆனா என்னால படி ஏற முடியாதே."

"நீங்க விஞ்ச்ல வாங்கப்பா. நான் படியேறி வரேன். மேல சேர்ந்து கும்பிடலாம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "வேண்டிக்கிட்டது அப்படி இல்லப்பா. சேர்ந்து ஏறறதாத்தான் வேண்டினேன். சரி, அதை நான் அவன்கிட்ட சொல்லிக்கிறேன். கீழ கிரிவீதி சமதளமாத்தானே இருக்கு? அதை மெதுவா ஒரு சுத்து சேர்ந்து சுத்திடலாம்."

அந்த வேண்டுதல் வேண்டினபடி இனி நடக்காது. இதை நான் மறைக்க விரும்பலை. மணி வந்துடுச்சுன்னு செத்தவங்க திரும்பி வரலை. எனக்கு மிச்சம் இருக்கிறது மலையை வலப்பக்கம் வெச்சு அப்பாவோட ஒரு சுத்து.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு ராத்திரி யோசிச்சுப் பாருங்க, யாருகிட்ட 'அப்புறம்'னு சொல்லி வெச்சிருக்கீங்கன்னு. அவங்களுக்கு ஒரு தேதி சொல்லுங்க. தேதி சொல்ல முடியலைன்னா, முடியாதுன்னாவது சொல்லிடுங்க. அவங்க காத்திருக்க வேண்டாம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!