தெருவின் ஹக்கு

தெரு யாருக்கு உரியது? அதில் விரைந்து செல்பவனுக்கா, அதன் ஓரத்தில் வாழ்பவனுக்கா?

சேதராப்பட்டில் நின்று பார்த்தால் இக்கேள்வி எளிதாக இல்லை. புதுச்சேரியிலிருந்து மயிலம் செல்லும் சாலை இவ்வூர் வழியே போகிறது. தொழிற்பேட்டையும் இங்கே உள்ளது. சரக்கு லாரிக்கும், ஷிப்டுக்கு விரையும் தொழிலாளியின் மோட்டார் சைக்கிளுக்கும், பள்ளி விட்டு வரும் குழந்தைக்கும் பாதை ஒன்றே. லாரிக்காரரின் அவசரம் பொய்யன்று. அவர் வீட்டு அடுப்பு அதனால்தான் எரிகிறது. ஆயினும் தாமதத்தை ஈடு செய்யலாம். உயிரை ஈடு செய்ய இயலாது.

நகராட்சிச் சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு 60 கிலோமீட்டர், காருக்கு 70 என்று 2018இல் மத்திய அரசு உச்ச வரம்பு வகுத்தது. 60இல் வருபவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆகுமானால், அதற்குள் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுவார். 30இல் வந்தால் 8 மீட்டர்தான். வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. மனிதரும் வாகனமும் கலந்து செல்லும் இடங்களில் 30 போதும் என 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாடு அறிவித்ததன் காரணம் இதுவே.

ஊருக்கு ஊர் வரம்பு மாறினால் வழிப்போக்கன் திகைக்க மாட்டானா என்பர். நியாயமான ஐயம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு வழி கூறுகிறது. பொதுமக்களின் பாதுகாப்பையோ சாலையின் தன்மையையோ கருதி, மாநில அரசோ அது அதிகாரம் அளிக்கும் அமைப்போ வேகத்தைக் குறைக்கலாம். ஆனால் அரசிதழில் அறிவித்து, சாலையில் பலகையும் நாட்ட வேண்டும். வேல்ஸ் நாடு 2023இல் குடியிருப்புத் தெருக்களுக்கு 20 மைல் என விதித்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் எச்சாலைக்கு விலக்கு அளிக்கலாம் என்பதை அங்குள்ள உள்ளாட்சிகளே ஆராய்ந்தன. தெருவின் வளைவையும் பள்ளி விடும் நேரத்தையும் அறிந்தவர் அத்தெருவினரன்றோ?

அவர்களுக்காகப் பேச ஓர் அவையும் வேண்டும். புதுச்சேரியில் 1968க்குப் பின் 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது; அப்போது தேர்வானவர்களின் காலம் 2011இல் முடிந்தது. கொம்யூன் பஞ்சாயத்தில் மக்களின் குரல் ஒலிக்காவிடில், அதிகாரம் அளித்தும் பயன் குறைவே.

அறஃபாவிலிருந்து திரும்புகையில், பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் ஓசை கேட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சாட்டையால் சைகை செய்து, நிதானம் பேணுமாறு பணித்தார்கள். விரைவதில் நன்மை இல்லை என்றும் உணர்த்தினார்கள். சென்றதோ ஹஜ்ஜுக் கூட்டம்! நோக்கம் புனிதமாயினும் வேகம் புனிதமாகிவிடாது.

இதை ஓதிக் கொடுக்கும் நானே ஒரு வெள்ளியன்று, ஜும்ஆ தப்பிவிடும் என்று ஸ்கூட்டரை விரட்டினேன். ஒரு தாய் தம் குழந்தையைச் சட்டென்று இழுத்து அணைத்துக்கொண்டார். தொழுகை கிடைத்தது. ஆனால் ஸஃப்பில் நின்றபோது அந்தத் தாயின் முகமே என் முன் நின்றது.

பலகை நாட்டுவது ஆட்சியின் கடமை. பலகை இல்லாத தெருவிலும் கையைத் தளர்த்துவது நம் கடமை. தெருவின் ஹக்கைப் பற்றி நாளை கேட்கப்படுவோர் லாரிக்காரர்கள் மட்டுமல்லர், நாமும்தான்.