யார் கண்டது?

நோயாளியின் கேஸ் ஷீட் கணினிக்குள் போய்விட்டது. அதில் இருப்பது எந்த வகை அறிவு என்று மருத்துவமனைகள் கேட்பதில்லை, மென்பொருள் விற்பவர்களும் கேட்பதில்லை. அளவையியல் அறிந்தவர்கள் கேட்டாக வேண்டும். அறிவைத் தரும் வழிகளான அளவைகள் எத்தனை சொன்னாலும் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றில் அடங்கும் என்கிறது சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார். அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1960களில் வகுத்த பதிவுமுறையும் ஏறத்தாழ இதே பாகுபாட்டில்தான் நிற்கிறது. அவர் சித்தியாரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். நோயாளி சொன்னது, மருத்துவர் தொட்டும் கேட்டும் அளந்தும் கண்டது, இவ்விரண்டிலிருந்து ஊகித்தது, இனிச் செய்யப்போவது என்பது அந்த வரிசை. இன்றைய மின்னணுப் பதிவேட்டிலும் மருத்துவர்கள் இந்த வரிசையில் எழுதுவது சாதாரணம். ஆனால் ‘கண்டது’ என்ற கட்டத்தில் இருப்பது பல நேரம் காட்சியே அல்ல, சொன்னவர் இல்லாத உரை என்பதே என் வாதம்.

சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் 23,000க்கும் மேற்பட்ட குறிப்புகளை அலசிய ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. குறிப்புகளில் இருந்த எழுத்தில் 18 சதவீதம்தான் கையால் தட்டியது. 46 சதவீதம் நகலெடுத்து ஒட்டியது. மீதி 36 சதவீதம் மருந்துப் பட்டியல் போன்றவற்றிலிருந்து மென்பொருளே இழுத்து வந்தது. இது போதாதென்று டெம்ப்ளேட் வேறு. ஒரு சொடுக்கில் ‘நுரையீரல் தெளிவு, இதய ஒலி இயல்பு, இரு பாதங்களிலும் நாடித்துடிப்பு உண்டு’ என்று கட்டம் நிரம்பிவிடும். ஒரு கால் அகற்றப்பட்டவருக்கும் அப்படியே நிரம்பும், யாராவது கவனித்து அழித்தாலொழிய. உரை செல்லுபடியாக நியாய தத்துவ மரபின் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் இரண்டு தகுதிகள் கேட்டார்: சொல்பவர் பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடியே சொல்ல விரும்ப வேண்டும். சொல்பவர் முனிவரா மிலேச்சரா என்பது பொருட்டல்ல. சொடுக்கில் வந்த நாடித்துடிப்பு இந்த எளிய தேர்விலேயே தோற்கிறது. அதைப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. பொய்க்கும் ஒரு சொல்பவர் வேண்டும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த மருத்துவர் ஆபிரகாம் வர்கீஸ், படுக்கையில் கிடப்பவரைவிடத் திரையில் இருப்பவரே மருத்துவரின் கவனத்தைப் பெறுகிறார் என்று 2008இல் எழுதினார். அது கவனம் பற்றிய கவலை. திரையை மட்டும் பார்ப்பவர் உண்மையில் எதைப் பார்க்கிறார் என்பது அதற்கும் முந்தைய கேள்வி.

காகிதத்திலும் நகலெடுத்தார்களே, கிறுக்கல் எழுத்தால் மருந்து மாறிப்போனதே என்பார்கள். உண்மைதான். ஆனால் கையால் நகலெடுக்கச் சோம்பல் ஒரு தடையாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை. யார், எந்த நேரத்தில் பதிந்தார் என்று மென்பொருள் காட்டுமே என்றால், காட்டும்: விசையை அழுத்தியவர் யாரென்று. கண்டவர் யாரென்று அதற்குத் தெரியாது.

இன்னொரு மறுப்பு வலுவானது. வயாக்ஸ் என்ற வலிநிவாரணி மாத்திரையின் இதய ஆபத்தை உறுதிசெய்ய உதவியவற்றுள் கலிபோர்னியாவின் கைசர் பெர்மனெண்டே என்ற மருத்துவ நிறுவனத்தின் பதிவுகளும் உண்டு. சுமார் 14 லட்சம் பேரின் தரவு அது. தனி மருத்துவர் எவரும் வாழ்நாளில் காண முடியாததைப் பதிவுகளின் தொகுதி கண்டது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஊகம் நின்றது மருந்து வழங்கப்பட்டது, மாரடைப்பு வந்தது போன்ற நடந்த நிகழ்ச்சிகளின் மீது. அளவையியலின் பழைய எடுத்துக்காட்டில் சொல்வதென்றால், மலையில் நெருப்பு என்று ஊகிக்க, புகையை யாரேனும் கண்டிருக்க வேண்டும். ஒட்டிய வரிகளை எத்தனை லட்சம் சேர்த்தாலும் அந்தக் காட்சி கிடைக்காது.

கண்டார்களா இல்லையா என்று சொல்லக்கூடிய சாட்சி ஒருவர் உண்டு, நோயாளி. அமெரிக்காவில் 2021 முதல் தம்மைப் பற்றிய குறிப்புகளைத் தாமதமின்றிப் படிக்க அவருக்குச் சட்டம் வழிசெய்திருக்கிறது. ‘என் பாதத்தை அவர் தொடவே இல்லை’ என்று திருத்தமும் கோரலாம். பதிவு சரியாகத்தான் இருக்கிறது என்று மருத்துவமனை முடிவு செய்தால் மறுத்துவிடலாம். அப்போது நோயாளியின் மறுப்புரை பதிவோடு இணைப்பாகச் சேரும், ‘கண்டது’ என்ற கட்டத்தில் அந்த வரி அப்படியே இருக்கும்.