மௌனத்துக்கு விலை கொடுத்தவர்கள்

பொய் சொல்லாதே என்பது ஒரு கட்டளை. உண்மை முழுவதையும் சொல் என்பது வேறொரு கட்டளை. முதலாவதை ஏற்பவர்கள் எல்லோரும் இரண்டாவதை ஏற்பதில்லை. பொய்க்கு எந்த விதிவிலக்கும் தராத தத்துவஞானி இமானுவேல் காண்ட்கூட, மதம் பற்றிய தன் எழுத்துகளை 1794இல் பிரஷ்ய மன்னர் கண்டித்தபோது, இனி மதத்தைப் பற்றிப் பொதுவில் பேசவோ எழுதவோ மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். சொல்வதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும், ஆனால் உண்மை எல்லாவற்றையும் ஊரறியச் சொல்லியாக வேண்டும் என்ற கடமை இல்லை என்று தன் மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒரு தனிமனிதருக்கு இது பொருந்தலாம். மக்கள் வாக்களித்து அமைத்த ஓர் அரசு, பக்கத்து வல்லரசின் கொடுமையைக் கண்ணால் கண்டும் வாய் திறக்காமல் இருந்தால் அதை விவேகம் என்பதா, உடந்தை என்பதா?

இந்தக் கேள்வியைப் பின்லாந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு சுமந்தது. 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படைகள் எல்லை தாண்டின. 105 நாள் நீடித்த குளிர்காலப் போரில் சுமார் 25,000 பின்லாந்து வீரர்கள் மாண்டார்கள், கரேலியாவின் பெரும்பகுதி பறிபோனது, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு வந்தார்கள். அதை மீட்க ஜெர்மனியோடு கைகோத்து மறுபடி போரிட்டு, 1944இல் மறுபடி தோற்றார்கள். 30 கோடி டாலர் இழப்பீட்டைப் பெரும்பாலும் கப்பலாகவும் இயந்திரமாகவும் கட்டிக்கொடுத்து 1952இல்தான் தீர்த்தார்கள். போருக்குப் பொறுப்பானவர்களைத் தண்டிக்க, நடந்து முடிந்த செயலுக்குப் பின்னால் ஒரு சட்டம் இயற்றி, போர்க்கால அதிபர் ரிஸ்டோ ரூத்திக்குத் தங்கள் நீதிமன்றத்திலேயே பத்தாண்டுச் சிறை விதித்தார்கள். 1948இல் மாஸ்கோவுடன் நட்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பிறகு அதிபர் பாசிகிவியும் அவரைத் தொடர்ந்த கெக்கோனெனும் வகுத்த பாதை ஒன்றுதான்: கிழக்கே இருக்கும் அண்டை நாட்டுக்குச் சந்தேகம் வரும்படி எதையும் சொல்லாதே, செய்யாதே. 1956இல் ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் புகுந்தபோது ஐ.நா.வில் பின்லாந்து வாக்களிக்காமல் ஒதுங்கியது.

இதை அறக்கோணத்தில் எடைபோட, காண்ட்டைவிட வள்ளுவர் தரும் அளவுகோல் எனக்குப் பயன்படுகிறது. வாய்மை என்பதை அவர் சொல்லின் வடிவத்தை வைத்து வரையறுக்கவில்லை. அதனால் பிறருக்குத் தீங்கு நேருமா என்பதை வைத்து வரையறுக்கிறார். சொல்லுக்கு அந்த அளவுகோல் என்றால் மௌனத்துக்கும் அதுதான். பேசாமலிருந்ததால் யாருக்குத் தீங்கு நேர்ந்தது, அந்தத் தீங்கை ஏற்க அவர்கள் சம்மதித்தார்களா என்று கேட்க வேண்டும். ரூத்தியின் தண்டனை அநீதிதான். ஆனால் அந்தச் சுமை நாட்டின் முடிவுகளை எடுத்தவர் தலையில் விழுந்தது. ஹங்கேரி வாக்கெடுப்பில் பின்லாந்து கை தூக்கியிருந்தால் புடாபெஸ்டில் ஓர் உயிர்கூடக் கூடுதலாகத் தப்பியிருக்காது. அந்த மௌனம் கசப்பானது, வெட்கப்படத்தக்கது என்றும் சொல்லலாம். ஆனால் அது யாரையும் கொல்லவில்லை.

எல்லையில் நடந்தது அப்படியல்ல. சோவியத் பக்கத்திலிருந்து தப்பி வந்தவர்களைப் பிடித்தால் திருப்பி அனுப்புவது பின்லாந்தின் வழக்கமாக இருந்தது. அதனால் தப்புகிறவர்களுக்குப் பின்லாந்து ஒரு புகலிடம் அல்ல, கடக்க வேண்டிய இன்னொரு ஆபத்து. திருப்பி அனுப்பப்பட்டவர் எந்த நாட்டின் நடுநிலைக்காகச் சிறைக்குப் போனாரோ, அந்த நாட்டில் அவருக்கு வாக்கு இல்லை. அது காத்துக்கொண்ட சுதந்திரத்தில் ஒரு துளியும் அவருக்குக் கிடைக்கவில்லை. பேசாமல் இருப்பதற்கும் பிடித்துக் கொடுப்பதற்கும் இடையே இருக்கும் கோடு இதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. அவர்களை வைத்துக்கொண்டிருந்தால் மாஸ்கோ சீறியிருக்கும். சில பேருக்காக ஒரு நாட்டையே பணயம் வைக்கலாமா? இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பணிந்துபோனால் பிழைக்கலாம் என்ற கணக்கு அந்த வட்டாரத்திலேயே பொய்த்திருக்கிறது. எஸ்தோனியாவும் லாட்வியாவும் லிதுவேனியாவும் 1939இல் சோவியத் ராணுவத் தளங்களுக்கு இடம் கொடுத்தன. அடுத்த ஆண்டே வரைபடத்திலிருந்து மறைந்தன. பின்லாந்து நிலைத்ததற்கு மௌனம் மட்டும் காரணமல்ல. விழுங்கினால் தொண்டையில் சிக்கும் என்று முதலிலேயே போரில் காட்டியிருந்தது. அந்தப் பலத்தில் நின்றவர்களுக்கு, ஆளைப் பிடித்துக் கொடுக்காமல் சமாளிக்கக் கொஞ்சமாவது இடம் இருந்திருக்கும்.

இன்னொரு தீங்கு உள்ளுக்குள் நடந்தது. மாஸ்கோ கேட்பதற்கு முன்பே, என்ன கேட்கும் என்று யூகித்துத் தாங்களே வாயைக் கட்டிக்கொள்ளும் பழக்கம் வந்தது. சோவியத் சிறைமுகாம்களைப் பற்றி ரஷ்ய எழுத்தாளர் சோல்செனித்சின் எழுதிய ‘குலாக் தீவுக்கூட்டம்’ நூலின் பின்னிஷ் மொழிபெயர்ப்பு, 1974இல் முதல் பாகம் வெளிவந்தபோது அச்சானது ஸ்வீடனில். பின்லாந்து மக்கள் தங்கள் தாய்மொழியில் ஒரு புத்தகத்தை வாசிக்க அது அண்டை நாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, தேர்தல் இல்லாமலே கெக்கோனெனின் பதவிக்காலத்தை நான்கு ஆண்டு நீட்டிக்க நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. மாஸ்கோ அவரை நம்புகிறது என்பது அதற்கு ஒரு பெரிய நியாயமாக முன்வைக்கப்பட்டது. ஜனநாயகத்தைக் காப்பாற்றத் தொடங்கிய எச்சரிக்கை, வாக்குப்பெட்டியையே ஒத்திவைக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. இங்கே விலை கொடுத்தவர்கள் சொந்தக் குடிமக்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

1797இல் அந்தப் பிரஷ்ய மன்னர் இறந்ததும் காண்ட், வாக்குறுதி அவர் ஆயுளுக்கு மட்டும்தான் என்று சொல்லி, அடுத்த ஆண்டு வெளியிட்ட நூலின் முன்னுரையில் மன்னரின் கடிதத்தையும் தன் பதிலையும் சேர்த்தே அச்சிட்டார். எப்போது, யாரிடம் வாய்மூடினோம் என்பதை ஒளிக்கவில்லை. பின்லாந்தும் சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு தன் மௌன காலத்தை வெளிப்படையாக விவாதித்தது. 2023 ஏப்ரலில் நேட்டோவிலும் சேர்ந்தது. அந்த விவாதங்களில் அதிபர்களின் பெயர்கள் நிறைய அடிபடுகின்றன. கிழக்கு எல்லையைத் தாண்டிய பிறகும் நிம்மதியாக மூச்சுவிட முடியாமல், சுதந்திர நாடு ஒன்றின் காடுகளுக்குள் காவலர் கண்ணில் படாமல், ஸ்வீடன் எல்லையிலுள்ள தோர்னே ஆறு வரை ஒளிந்தே நடக்க வேண்டியிருந்தவர்களின் பெயர்கள் அவற்றில் அரிது.